உப்பு மட்டும் பாக்கி

"அம்மா உப்பு பாக்க மாட்டேங்கறா. நீ கொஞ்சம் வந்துட்டுப் போ" என்றார் அப்பா போனில்.

பெரியவள் அப்போது கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பன்னிரண்டு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மெஷினை நிறுத்தாமலே, அம்மாவுக்குத்தான் உப்பே ஆகாதே, இப்போது எதற்கு உப்பு என்று கேட்டாள். இன்று ஒரு நாள் மட்டும் என்று அவளேதான் சொன்னாள், இப்போது ஸ்பூனைக் கிட்டே கொண்டுபோனால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்றார் அவர். பதற்றமே இல்லை. எந்த மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஆபீசுக்குத் தகவல் சொல்வாரே, அதே குரல். அதைக் கேட்டுத்தான் அவள் மெஷினை நிறுத்தினாள்.

பதினைந்து நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிட்டாள். கதவு திறந்தே இருந்தது. அப்பா படுக்கையறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் ஸ்பூன், சொட்டு கீழே விழாமலிருக்க அதற்கடியில் இடது உள்ளங்கை. ஸ்பூனில் சிவப்பாகக் கொஞ்சம் தக்காளிச் சாஸ்.

"ஆறிப்போச்சு" என்றார்.

உள்ளே அம்மா எப்போதும்போல மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சற்றே சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. பெரியவளுக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அம்மா, அம்மா என்று இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு அப்பாவின் கையிலிருந்து ஸ்பூனை வாங்கினாள். அழவேண்டிய நேரம் என்று புரிந்தது, ஆனால் கையில் ஸ்பூனை வைத்துக்கொண்டு எப்படி அழுவது என்று தெரியவில்லை. சமையலறைக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் அலறிக்கொண்டிருந்தது. அடுப்பை அப்பா அணைத்திருந்தார். பெரிய பாத்திரத்தில் பாதிச் சாஸ், காரட்டும் வெங்காயமும் தெரிய அப்படியே இருந்தது. பக்கத்துப் பாத்திரத்தின்மேல் வடிகட்டி, அதற்குள் ஒரு கரண்டி, கீழே வடிந்த மீதிப் பாதி.

அப்பாவுக்குச் சமையல் தெரியாது என்று சொன்னால் அது அவரைப் புகழ்ந்ததாகிவிடும். முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இருபது மாடிக் கம்பிக் கயிற்றில் எங்கே ஓர் இழை விட்டிருக்கிறது என்று தடவியே சொல்லிவிடுவார், பால் பொங்குவது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது. இந்தச் சாஸ் அம்மாவின் சாம்ராஜ்யம். அவள் ஒரு சமையல் கல்லூரியில் டைப்பிஸ்ட். கல்யாணமாகி வந்தபோது முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாதாம், ஆனால் பிரெஞ்சுக்காரர்களின் சாஸ் வகைகள் அத்தனையும் தலைகீழ்ப் பாடம். விரிவுரையாளர்களின் பாடக் குறிப்புகளை அடித்து அடித்து வந்த ஞானம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடித்ததில் ஒன்றையாவது தின்று பார்ப்போமே என்று தக்காளிச் சாஸ் செய்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனைதான். ரொட்டிக்கு அது, முட்டைக்கு அது. விருந்தாளிகள் பாட்டில் சாஸை நினைத்துக்கொண்டு ஆசையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனிக்கவே இல்லையே என்று ஏமாந்து போவார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு தனித் திருப்தி. சாஸ் செய்யும் நாளில் அப்பா அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய இதயம் வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அன்றோடு உப்பு போயிற்று, மாடிப்படி போயிற்று, குரலும் போயிற்று. பக்கத்தில் காதை வைத்தால்தான் பேசுவது கேட்கும். கட்டிலைச் சமையலறைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைக்கெட்டும் மேஜையில் ஒரு தம்ளரும் அதற்குள் ஒரு ஸ்பூனும் வைத்தார் அப்பா. லிஃப்ட் வேலையில் ஒருவன் உச்சியில் மெஷின் ரூமில் இருப்பான், ஒருவன் அடியில் குழியில் இருப்பான். கத்தினால் கேட்காது. லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தில் ஸ்பானரால் தட்டித்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால், இருக்கிறேன், ஒன்றுமில்லை. இரண்டு தட்டு என்றால், நிறுத்திவிட்டு வா. அதையே அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் சமையலறையில் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்துவிட்டால் சுவரில் ஒரு தட்டு வரும். அவரும் கையில் இருப்பதைக் கொண்டு ஒன்று தட்டுவார். சண்டை போட்டுப் பேசாமலிருந்த நாட்களிலும் அது மட்டும் நடந்தது.

டாக்டர் வந்தார். அம்மாவின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், ஒரு தாளில் எழுதினார். எத்தனை மணிக்கு என்று அப்பா கேட்டார். நிச்சயமாகச் சொல்ல முடியாது, அரை மணி இருக்கலாம், முக்கால் மணியும் இருக்கலாம் என்றார் டாக்டர். துன்பப்பட்டிருக்க மாட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அவ ஸ்பூன் எங்க இருந்தது, டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

டாக்டர் பெரியவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அப்பாவுக்கு ராத்திரி தூங்க ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார்.

அதற்குள் எதிர்வீட்டு அத்தை வந்து வீட்டைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டிருந்தாள். நல்லவள்தான். ஆனால் துக்க வீட்டில் ஒரு பொருளை இருந்த இடத்தில் இருக்கவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. மருந்து பாட்டில்களை ஒரு பையில் திணித்தாள், விரிப்பை மாற்றினாள், மேஜையைத் துடைத்தாள். பெரியவளின் கணவன் வண்டிக்கு ஏற்பாடு செய்ய ஓடினான். சின்னவன் விமானம் ஏறியாயிற்று, நாளைக் காலையில்தான் வந்து சேர்வான், அதுவரை அம்மாவைக் குளிர் அறையில் வைக்கவேண்டும் என்று முடிவாயிற்று. யார் முடிவு செய்தார்கள் என்று பெரியவளுக்குப் பிறகு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவள்தான் என்று கணவன் சொன்னான்.

எல்லாரும் அப்பாவிடம் ஏதாவது கேட்டார்கள். அம்மாவுக்கு எந்தப் புடவை, எந்தப் போட்டோ, யார் யாருக்குச் சொல்லவேண்டும் என்று. அவர் எல்லாரிடமும் ஸ்பூனைக் கேட்டார். மாப்பிள்ளையிடம் கேட்டார், வண்டியோடு வந்த இரண்டு பேரிடம் கேட்டார். அதில் ஒருவன் எந்த ஸ்பூன் என்று புரியாமல் சமையலறைக்குப் போய் ஒன்றை எடுத்துவந்து நீட்டினான். கடைசியில் எதிர்வீட்டு அத்தைதான் சொன்னாள்.

"அந்த சின்ன ஸ்பூனா? கழுவி அலமாரியில வச்சுட்டேனே."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"எங்கேருந்துன்னா?"

"தம்ளர்ல இருந்ததா, கட்டில் மேல கிடந்ததா?"

அத்தை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். மேஜையில் இருந்த மாதிரி இருக்கிறது, விரிப்பை உதறும்போது விழுந்த மாதிரியும் இருக்கிறது என்றாள். இரண்டு ஸ்பூன் கழுவினேன், அதில் ஒன்று தொட்டியில் கிடந்தது என்றும் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணனுக்கு இன்னும் உறைக்கல" என்று பெரியவளின் காதில் சொன்னாள்.

அலமாரியில் அந்த ஜாதி ஸ்பூன் ஆறு இருந்தது. ஆறும் ஒரே மாதிரி பளபளத்தது.

இரண்டரை மணிக்கு வண்டி போயிற்று. கூடவே மாப்பிள்ளை போனான். எதிர்வீட்டு அத்தை போகும்போது அந்தச் சாஸைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை ஊறப்போடட்டுமா என்று கேட்டாள். அப்பா அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து, சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டார். அத்தை அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். பெரியவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிப் பாதி குடித்தார்.

"பதினோரு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப தட்டினா" என்றார். "நான் வடிகட்டியில தேச்சுட்டு இருந்தேன். ஒண்ணுதான் கேட்டுது. நானும் கரண்டியால ஒண்ணு தட்டினேன். அவ்ளோதான். அதுக்கப்புறம் இருபது நிமிஷம் தேச்சேன். சக்கை காய்ஞ்சு வரணும்னு சொல்லியிருந்தா."

பெரியவள் எதிரே உட்கார்ந்தாள்.

"ரெண்டு தட்டினான்னா ஸ்பூனைக் கீழ வைக்க மாட்டா. நான் வந்து நிக்கற வரைக்கும் கையிலயே வச்சிருப்பா. ஒண்ணுன்னா தம்ளர்ல போட்டுடுவா." கையிலிருந்த தண்ணீர்த் தம்ளரைப் பார்த்தார். "நீதானே முதல்ல வந்தே. எங்க இருந்தது?"

அவளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. காலையில் பார்த்ததை மறுபடி கண்ணுக்குள் கொண்டுவர முயன்றாள். மூன்று தலையணை, சுவர்ப் பக்கம் திரும்பிய முகம், இடது கை மடியில். வலது கை போர்வைக்குள் இருந்தது. அல்லது போர்வைக்கு மேலே இருந்ததா? மேஜை இருந்தது, மேஜைமேல் தம்ளர் இருந்தது. தம்ளருக்குள் ஸ்பூனைப் போட்டுப் பார்த்தால் அதுவும் சரியாக இருந்தது, எடுத்துவிட்டுப் பார்த்தால் அதுவும் சரியாக இருந்தது. அவள் ஒரு நாளைக்கு நாற்பது பேருடைய பார்வையைச் சரிசெய்கிறவள்.

"நான் கவனிக்கலப்பா" என்றாள்.

அவர் தலையாட்டினார். பிறகு மெதுவாக, "வான்னு கூப்பிட்டவகிட்ட இருக்கேன்னு சொல்லிட்டேனோ என்னமோ" என்றார்.

முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு தட்டைக்கூடத் தப்பாகக் கேட்டதில்லை என்று அவர் பெருமையடித்துக்கொள்வது வழக்கம். குழியில் நின்றவர்கள் இன்றும் பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள் என்பார். இப்போது அதைச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அவளிடம் கொடுத்தார். காலையில் அம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதியது. சர்வீஸ் தாள் எழுதிய பழக்கம், வரிசை எண் போட்டிருந்தார். முடித்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு டிக். அம்மா சொன்னதில் எது செய்முறை, எது திட்டு என்று பிரிக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் எழுதியிருந்தார்.

ஒன்று, வெண்ணெய், உருகினா போதும், செவக்கக் கூடாது. இரண்டு, காரட் வெங்காயம் பொடிசா, உங்க பொடிசு இல்ல, என் பொடிசு. ஐந்து, மைதா ஒரு கரண்டி, கட்டி விழாம கிண்டணும், பராக்கு பாக்காதீங்க. எட்டு, வாசனைக்குப் போடற இலைக்கட்டுக்கு வெள்ளை நூல், ஒயர் கட்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும். பதினொன்று, ஒன்றரை மணி நேரம் சின்னத் தீ, மூடக் கூடாது, பக்கத்துலேருந்து நகரக் கூடாது.

பெரியவள் பதினொன்றிலேயே நின்றுவிட்டாள். நகரக் கூடாது என்பதன் கீழே அப்பா ஒரு கோடு வேறு போட்டிருந்தார்.

"பாருங்க, அவங்களே சொல்லியிருக்காங்க" என்றாள்.

"சாஸுக்குச் சொன்னா" என்றார் அப்பா.

பிறகு அவர் எழுந்தார். ஒரு பழுதைப் பார்க்கக் கிளம்புகிறவர்போலச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அவள் கட்டிலில் போய் அம்மா உட்காரும் மாதிரி சாய்ந்துகொள்ளவேண்டும், ஸ்பூனால் சுவரில் தட்டவேண்டும். ஒன்றோ இரண்டோ, அவள் இஷ்டம். எத்தனை என்று முன்னால் சொல்லக் கூடாது. அவர் சமையலறையில் நின்று கேட்டுச் சொல்வார். ஃபேன் ஓடவேண்டும், வடிகட்டியில் தேய்க்கவேண்டும், காலையில் என்ன சத்தம் இருந்ததோ அது அத்தனையும் இருக்கவேண்டும். இதெல்லாம் இப்போது எதற்கு, நாளைக்கு எவ்வளவோ வேலை இருக்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் அலமாரியிலிருந்து ஆறில் ஒரு ஸ்பூனை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

கட்டிலில் எதிர்வீட்டு அத்தை போட்ட புது விரிப்பு விறைப்பாக இருந்தது. பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, மூன்று தலையணைகளையும் அடுக்கிச் சாய்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஜன்னலில் எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மட்டும்தான் தெரிந்தது. எட்டு மாதம் அம்மா இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சுவரில், கை போகும் உயரத்தில், பெயிண்ட் உதிர்ந்து பொட்டுப் பொட்டாகக் குழிகள். ஒரு சாண் அகலத்துக்கு இருந்தன. எது ஒன்றுக்கானது, எது இரண்டுக்கானது என்று பிரிக்க முடியாது.

சமையலறையில் ஃபேன் அலற ஆரம்பித்தது. மெஷின் ரூமில் கழித்துப்போட்டதை அப்பா கொண்டுவந்து மாட்டியது, லாரி கிளம்புகிற சத்தம் வரும். அதற்கு நடுவே கரண்டியின் முதுகு வடிகட்டியில் தேயும் ஓசை.

அவள் ஒன்று தட்டினாள்.

"ஒண்ணு" என்றார் அப்பா.

"சரி."

இரண்டு தட்டினாள். "ரெண்டு" என்றார் உடனே. சரி என்றாள். மறுபடி இரண்டு, அதையும் சரியாகச் சொன்னார். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. அவளுக்கும் வந்தது. இதோடு விட்டுவிடலாம் என்று அவள் எழுந்திருக்கப் போனபோது தேய்க்கும் சத்தம் நின்றது.

"நீ பலமா தட்டற. அம்மா கையில அவ்ளோ பலம் இல்ல. அவ தட்டற மாதிரி தட்டு."

பெரியவள் ஸ்பூனை விரல் நுனியில் பிடித்தாள். அம்மா அப்படித்தான் பிடிப்பாள், மணிக்கட்டு மடங்கித் தொங்க, ஸ்பூன் தன் கனத்திலேயே போய்ச் சுவரில் விழும்படி. மறுபக்கம் தேய்ப்பது மறுபடி தொடங்கியது. அவள் ஒன்று தட்டிவிட்டு நிறுத்தியிருக்கலாம். தட்டுவது அவள், எண்ணிக்கை அவள் இஷ்டம். ஆனால் அவளுக்கும் தெரிந்துகொள்ளவேண்டும் என்று இருந்தது. அந்த ஆசைக்காகப் பிறகு பல நாள் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

அம்மா தட்டுகிற மாதிரி, இரண்டு தட்டினாள்.

கரண்டி தேய்ந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"ஒண்ணு" என்றார் அப்பா.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தட்டில் பெயிண்ட் துணுக்கு ஒன்று பெயர்ந்து விரிப்பில் விழுந்திருந்தது.

"பெரியவளே, சரியா? ஒண்ணுதானே?"

"ஆமாப்பா" என்றாள். குரல் எட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னாள். "ஒண்ணுதான்."

ஃபேன் மட்டும் ஓடியது. அவர் நம்பினாரா, அவள் குரலில் ஏதாவது கேட்டுவிட்டாரா, சுவரைப் பார்த்து எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் கழித்துத் தேய்க்கும் சத்தம் மறுபடி கேட்டது, நிதானமாக, சக்கை காய்ந்து வரும்வரை தேய்க்கிறவரின் சத்தம். அவள் ஸ்பூனைத் தம்ளரில் போட்டாள். உடனே வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதுவும் சரியில்லை என்று கையிலேயே வைத்துக்கொண்டாள்.

சுவரில் ஒரு தட்டு கேட்டது. சுவரில்தானா, பாத்திர விளிம்பில் கரண்டியை உதறினாரா என்று தெரியவில்லை. ஒன்றுதானா என்றும் தெரியவில்லை. அவள் எழுந்து, செருப்புப் போடாமல், சமையலறைக்குப் போனாள்.

அப்பா வடிகட்டியை எடுத்துவிட்டிருந்தார். பாத்திரத்தில் சாஸ் வழவழவென்று, ஒரு துணுக்கு இல்லாமல், அம்மா செய்வதைப்போலவே இருந்தது. வெள்ளை நூல் கட்டிய இலைக்கட்டு ஓரமாகக் கிடந்தது. கயிற்றுக்குப் போடும் முடிச்சு, யாராலும் அவிழ்க்க முடியாது. அவர் ஒரு ஸ்பூனில் மொண்டு, கீழே உள்ளங்கையை வைத்து, அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

அவள் வாயைத் திறந்தாள். தக்காளியும் வெண்ணெயும் அடியில் லேசாகக் காரட்டின் தித்திப்பும் வந்தன. அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பே இல்லப்பா" என்றாள்.

"அது அவ வேலை" என்றார். "நான் போடல."

எட்டிச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். ஃபேன் சுற்றி ஓய்ந்ததும் வீடு முழுக்க அமைதியாயிற்று. உப்பு டப்பாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு நின்றார். பெரியவள் டப்பாவைத் திறந்தாள். தாளை மேடைமேல் விரித்துக் கடைசி வரிக்கு வந்தாள். பதினேழு, உப்பு, மேடம் என்று இருந்தது. எவ்வளவு என்று எழுதியிருக்கவில்லை.